கதவு எண்: 12-மே!

பி.காம். படித்தவன் விலாசம் எழுதினால் தப்பு வராது என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை இருந்தது. 2024-ல் என் தங்கை கல்யாணத்தில் அடியேன் அதைத் தகர்த்தேன்.

அப்பாவுக்கு மூட்டுவலி, எல்லோர் வீட்டுக்கும் நேரில் போக முடியாது. தபாலில் 180 பத்திரிகை. பழைய நோட்டிலிருந்த விலாசங்களை ஸ்ப்ரெட்ஷீட்டில் (கட்டம் கட்டமாக இருக்குமே, அதுதான்) ஏற்றும் பொறுப்பு எனக்கு. "கையால எழுதிடுடா" என்றார் அப்பா. கேட்டால்தானே! ராத்திரியோடு ராத்திரியாக அடித்து, அச்செடுத்து, படித்துக்கூடப் பார்க்காமல் ஒட்டி அனுப்பினேன்.

ஒன்றுவிட்ட சித்தப்பா கல்யாணத்துக்கு வரவில்லை. ஒரு வாரம் கழித்து அவருக்குப் போட்ட பத்திரிகை மட்டும் திரும்பி வந்தது. 'எண் 12-மே' என்றிருந்தது!

சென்னையில் பழைய எண், புது எண் என்று ஒரு கூத்து உண்டல்லவா? சித்தப்பா வீடு 12/5. கம்ப்யூட்டர் அதை மே மாதம் பன்னிரண்டாம் தேதி என்று எடுத்துக்கொண்டுவிட்டது. அத்தை வீடு 45/27. இருபத்தேழாவது மாதம் கிடையாதே! அத்தை தப்பித்தார், இரண்டு வேளையும் முதல் பந்தி.

கம்ப்யூட்டர்காரர்கள் 'கான்டெக்ஸ்ட்' என்று சொல்வது இதைத்தான். நம்ம பாஷையில் இடம், பொருள், ஏவல். 'படி' என்றால் வாசற்படியா, அரிசி அளக்கும் படியா, பஞ்சப்படியா, 'ஒழுங்காப் படி'யா? கூட இருக்கும் பேச்சை வைத்து நாம் புரிந்துகொள்கிறோம். கம்ப்யூட்டருக்குள் இருப்பதோ வெறும் எண். 65-ஐ எழுத்து என்று சொல்லி வைத்தால் ஆங்கில 'ஏ'. கணக்கு என்றால் அறுபத்தைந்து. ஒன்றுமே சொல்லாவிட்டால் அதுவாக ஊகிக்கும்.

ஊகித்ததோடு விடாது, சார். பதறிப்போய் அந்தக் கட்டத்தை 'எண்' என்று மாற்றினேன். 45424 என்று வந்து நின்றது! 1900 ஜனவரி முதல் தேதியை ஒன்று என்று வைத்து நாள் எண்ணுகிற கணக்காம். நான் அடித்த 12/5 போயே போய்விட்டது.

விஞ்ஞானிகளே மாட்டியிருக்கிறார்கள். மனித ஜீன்களில் 'மார்ச்1', 'செப்ட்1' என்றெல்லாம் பெயர் இருந்தது. ஸ்ப்ரெட்ஷீட் அவற்றையும் தேதியாக்கி ஆராய்ச்சிப் பட்டியல்களைக் கெடுத்தது. கடைசியில் 2020 வாக்கில், பெயர் சூட்டும் குழுவினர் ஜீன்களின் பெயரையே 'மார்ச்எஃப்1', 'செப்டின்1' என்று மாற்றிவிட்டார்கள். (கட்டில் நுழையவில்லை என்று வாசலை இடித்த கதை!)

நமக்கு அவ்வளவு சிரமம் வேண்டாம். அடிப்பதற்கு முன்பே அந்த வரிசை முழுவதையும் 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். அல்லது எண்ணுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி ஒன்று போடுங்கள். அடித்த பிறகு மாற்றினால் 45424-தான்.

போன மாதம் சித்தப்பாவிடமிருந்து பேரன் காதுகுத்துப் பத்திரிகை வந்தது. எங்கள் கதவு எண்ணைக் கையால் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார்.