லைன் மெதுவா? முதலில் தராசைப் பாருங்கள்!



மாதம் பிறந்தால் பில் தவறாமல் வந்துவிடுகிறது. லைன்தான் வந்து சேருவதில்லை. ஈப்போவைச் சுற்றி, பால்மரம் நின்ற நிலத்தில் எழுந்த தாமான்களில் இந்தப் புலம்பலை அடிக்கடி கேட்கிறேன்.

சென்ற வாரம் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த அக்காள் இருபது வருஷம் பால் வெட்டியவர். பேத்தி ஐந்தாம் படிவம் படிக்கிறாள்.

"நூறுன்னு சொல்லித்தான் போட்டாங்க தம்பி. மேல்மாடியில புள்ள பாடம் பார்த்தா சக்கரம் சுத்திக்கிட்டே நிக்குது. கேட்டா, இன்னும் முப்பது வெள்ளி கூடக் கட்டுங்க, பெரிய பிளான் தர்றோம்ங்கிறாங்க. கையெழுத்துப் போட்டுடவா?"

"பொறுங்கக்கா" என்றேன். பால் நிறுக்கையில் தராசைப் பார்க்காமல் வாளியைக் கொடுத்துவிட்டுப் போனவர் நம்மில் உண்டா? வைஃபைக்கும் ஒரு தராசு இருக்கிறது.

வீட்டிலுள்ள மற்றப் போன்களில் வைஃபையை அடைத்துவிட்டு, ஒரு மடிக்கணினியை லேன் ஒயரால் பெட்டியோடு நேராக இணைத்தோம். வேகம் அளக்கும் பக்கத்தைத் திறந்தால் 94 காட்டியது. அதே கணினியை ஒயரில்லாமல் மேல்மாடிக்குக் கொண்டு போனோம். வெறும் 11! ஆக, வீட்டு வாசல் வரை சரக்கு ஒழுங்காக வருகிறது. சிந்துவது வீட்டுக்குள்ளேதான். இந்த நிலையில் பெரிய பிளான் எடுப்பது, ஓட்டை வாளிக்கு அதிகப் பால் ஊற்றுகிற கதை.

பெட்டி எங்கே இருந்தது தெரியுமா? டிவிக்குப் பின்னால், இரும்பு அலமாரியை ஒட்டி, தரையோடு தரையாக. இரும்பு அலையைத் திருப்பி அடிக்கும்; சிமெண்டுத் தளம் விழுங்கிவிடும். நீளமான லேன் ஒயர் ஒன்று வாங்கி, பெட்டியை மாடிப்படி ஓரம் உயரத்தில் வைத்தோம். (சுவரிலிருந்து வரும் மெல்லிய கண்ணாடி இழைக் கம்பியை மட்டும் இழுக்காதீர்கள், மடக்காதீர்கள்.) மேல்மாடியில் 60 வந்தது.

இன்னொன்று. பெரும்பாலான பெட்டிகளில் இரண்டு பாதை உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும். ஆனால் லயத்துப் பைப்படி மாதிரி நெரிசல். ஒன்றோடொன்று மோதாத வழி 1, 6, 11 என்று மூன்றுதான். வரிசை வீடுகளில் அக்கம்பக்கத்துப் பெட்டிகள் எல்லாம் அதிலேதான் முட்டிக்கொள்கின்றன. போதாக்குறைக்கு மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலையில்தான் வேலை செய்கிறது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். ஒரே அறையில் இருப்பவர்கள் இதைப் பிடிக்கலாம். பெட்டியின் பெயரில் '5ஜி' என்றிருப்பது இந்த 5 தான், கைப்பேசியின் 5ஜி அல்ல.

சிலர் 500 பிளான் போட்டும் 95-க்கு மேல் ஏறவில்லை என்பார்கள். பழைய பெட்டிகளின் ஒயர்த் துளை 100-க்கு மேல் விடாது, அதைப் பாருங்கள். படம் இறக்கும்போது 12 என்று காட்டினால் ஏமாற்று என்று நினைக்காதீர்கள். அது மெகாபைட் கணக்கு. எட்டால் பெருக்கினால்தான் பிளானில் சொன்ன மெகாபிட்.

சரி, ஒயரிலேயே குறைந்தால்? அப்போது குற்றம் பெரும்பாலும் நம் வீட்டில் இல்லை. காலை, மதியம், இரவு 9 மணி என மூன்று நாள் அளந்து நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். முதலில் கம்பெனியிடம் புகார் கொடுத்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தீராவிட்டால் அந்த எண்ணோடு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்குப் புகார் செய்யலாம். கட்டிய காசுக்குக் கணக்குக் கேட்பதில் வெட்கம் எதற்கு?

சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-களில் தபால், தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்தார். அந்தக் காலத்தில் தோட்டத்தில் போன் என்றால் ஆபீசில் கிராணி மேஜையில்தான். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோதோ, பள்ளிக்கூடமே போனுக்குள் புகுந்துவிட்டது. லைன் இல்லாத பிள்ளைக்குப் பாடமும் இல்லை.

கம்பி வராத லயங்களில் சிம் கார்டுதான் கதி. அவர்களுக்கு ஒரு வார்த்தை: 3ஜி சேவை 2021 முடிவோடு நிறுத்தப்பட்டது. 3ஜி மட்டும் பிடிக்கும் பழைய மோடத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம், 4ஜி மோடம் பாருங்கள். அதையும் தகரக் கூரைக்குக் கீழே நடுவீட்டில் வைக்காமல், டவர் இருக்கும் பக்கத்துச் சன்னலில் வையுங்கள்.