வெயிலுக்கேற்ற றேந்தை மேற்சட்டை: பின்னலும் கணக்கும்

குறோசே பின்னல் எமது வீடுகளுக்குப் புதியதல்ல. கன்னியர் மடப் பாடசாலைகளில் படித்த தாய்மார் பலர் மேசை விரிப்பு, கதிரை முதுகுத் துணி, தலையணை உறைக்கரை, வானொலிப் பெட்டியை மூடும் துணி எனப் பலவற்றை இந்தக் கொழுக்கி ஊசியால் பின்னி வைத்தார்கள். அவை இன்றும் சில அலுமாரிகளில் மடித்தபடி கிடக்கின்றன. ஆனால் அதே கையால், உடுக்கக்கூடிய ஒரு மேற்சட்டையைப் பின்னச் சொன்னால் பலர் தயங்குகிறார்கள். தயங்காமல் தொடங்கியவர்களும் முதற் சட்டையில் ஏமாந்து போகிறார்கள்.

நாம் கண்ட முதற் சட்டை அப்படிப்பட்டதுதான். எமது மண்டபத்தில் கூடும் மாதர் குழுவொன்று, கடற்கரைப் பக்கம் வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கலாம் என்ற எண்ணத்தில் அதைப் பின்னியது. தடித்த பருத்தி நூல், நெருக்கமான தையல். மேசையில் விரித்து வைத்தபோது அழகாகவே இருந்தது. தோளில் போட்டதும் ஈரச் சாக்கைப் போலத் தொங்கியது. ஒரு கிழமை கொடியில் தூங்கிய பின்னர், இடுப்பளவு நிற்க வேண்டிய சட்டை தொடைவரை இறங்கிவிட்டது. இரண்டாவது சட்டை நன்றாக வந்தது. ஆனால் அதில் வேறொரு பிழை நடந்தது. அது எமது பிழை. அதைப் பின்னர் சொல்கிறோம்.

நூலும் ஊசியும்

வெயில் காலத்துச் சட்டைக்குப் பருத்தி நூலே ஏற்றது. அக்றிலிக் நூல் மலிவானது, நிறமும் பளிச்சென்று இருக்கும். ஆனால் வியர்வையை உறிஞ்சாது. எமது பங்குனி, சித்திரை வெயிலில் அதை உடுத்தவர் மறுமுறை கேட்கமாட்டார். பருத்தியிலும் ஒரு குறை உண்டு. கம்பளி நூலைப் போல அது இழுத்தால் சுருங்கி மீளாது. நனைந்தால் பாரமாகும், பாரத்தினால் நீளும். எனவே பருத்தியில் பின்னும்போது துணி எவ்வளவு பாரமற்றதாக அமைகிறதோ அவ்வளவுக்கு அதன் வடிவம் நிலைக்கும். மெல்லிய சட்டை என்பது அழகுக்காக மட்டுமல்ல, சட்டை சட்டையாக இருப்பதற்காகவுந்தான்.

குறோசே நூற்பந்துகளில் 10, 20, 40 என்று இலக்கம் இருக்கும். இலக்கம் கூடக்கூட நூல் மெல்லியதாகும். முதன்முறை பின்னுபவர்களுக்கு இலக்கம் 10 போதும். மெல்லிய பளபளப்புள்ள நூலாகக் கேட்டு வாங்குங்கள். நூலை எரிசோடாக் கரைசலில் பதப்படுத்தும் முறைக்கு ஜோன் மேர்சர் என்ற ஆங்கிலேயர் 1850இல் காப்புரிமை பெற்றார். அவருடைய பெயராலேயே அம்முறை இன்றும் வழங்குகிறது. அப்படிப் பதப்படுத்திய நூல் உறுதியானது, சாயத்தையும் நன்றாகப் பிடிக்கும். ஒரு சட்டைக்குத் தேவையான பந்துகளை ஒரே தடவையில் வாங்கி, சுற்றியுள்ள தாளில் சாயத் தொகுதி இலக்கம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு கிழமை கழித்து வாங்கிய வெள்ளை, முன்னர் வாங்கிய வெள்ளையோடு சேராது.

மேசை விரிப்புக்கு இலக்கம் 10 நூலோடு ஒன்றரை மில்லிமீற்றர் ஊசி பிடித்துப் பழகியவர்கள், சட்டைக்கு 2 மில்லிமீற்றர் ஊசியை எடுக்க வேண்டும். விரிப்பு விறைப்பாக நிற்க வேண்டும், சட்டை உடலோடு விழ வேண்டும். கையும் சற்றுத் தளர வேண்டும். முப்பது வருடமாக இறுக்கிப் பின்னிய கை ஒரே நாளில் தளராது. அதனால் அப்படிப்பட்டவர்கள் ஊசியை இன்னும் கால் மில்லிமீற்றர் பெரிதாக எடுப்பது சுலபமான வழி.

மாதிரிப் புத்தகங்களைப் பார்த்துப் பின்னுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எமது தாய்மார் படித்தது ஆங்கிலேய முறை. அதில் டபிள் என்பது குட்டைத் தையல், ட்ரெபிள் என்பது ஊசியில் ஒரு சுற்று நூல் போட்டு எடுக்கும் நெட்டைத் தையல். அமெரிக்கப் புத்தகங்களில் அந்தக் குட்டைத் தையலைச் சிங்கிள் என்றும், நெட்டைத் தையலை டபிள் என்றும் எழுதுவார்கள். இது தெரியாமல் அமெரிக்க மாதிரியைப் பின்னினால் சட்டை பாதி உயரத்தில், இரட்டிப்பு நெருக்கத்தில் வரும். புத்தகத்தில் சிங்கிள் என்ற சொல் எங்காவது இருந்தால் அது அமெரிக்க முறை என்று கொள்ளலாம். இங்கே நாம் ஆங்கிலேயப் பெயர்களையே கையாளுகிறோம்.

கட்டப் பின்னல்

றேந்தையின் இலேசு அதன் வெற்றிடங்களில் இருக்கிறது. ஒரு ட்ரெபிள், இரண்டு சங்கிலி, கீழே இரண்டைத் தாண்டி அடுத்த ட்ரெபிள்: இப்படிப் போனால் சதுரக் கட்டம் கட்டமாக ஒரு வலை வரும். அந்த இரண்டு சங்கிலிக்குப் பதிலாக இரண்டு ட்ரெபிள் போட்டால் கட்டம் நிரம்பிவிடும். அந்தக் கட்டத்துக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு நூலும் செலவாகும். நிரம்பிய கட்டங்களால் பூவோ இலையோ வரையலாம். ஆனால் சட்டை முழுவதையும் பூவாக்க ஆசைப்பட வேண்டாம். மார்புக்குக் குறுக்கே ஒரு வரி, கரையில் ஒரு வரி போதும்.

“இந்த ஓட்டைச் சட்டையை யார் போடுவது?” என்று எமது குழுவில் ஒரு வயதான அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. உள்ளே கையில்லாத பருத்தி உட்சட்டை ஒன்றை அணிவதே வழக்கம். இரண்டும் மெல்லியவை என்பதால் காற்றுத் தடைப்படாது.

முதலில் 10 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூடிய மாதிரித் துண்டொன்றைப் பின்னுங்கள். அதை இளஞ்சூட்டு நீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துவாயில் சுற்றி ஒற்றி, நிழலில் காயவிட்டு, பின்னர் கீழ் விளிம்பில் இரண்டு உடுப்புக் கவ்விகளைக் கொழுவி ஓர் இரவு தொங்கவிட வேண்டும். அதன் பிறகே அளக்க வேண்டும். கழுவாத துண்டு சொல்வது பொய்யளவு. இதைச் செய்யச் சோம்பல்பட்டவர்கள்தான் தொடைவரை இறங்கிய சட்டையைப் பின்னியவர்கள்.

துண்டில் 10 சென்ரிமீற்றருக்கு 12 கட்டமும் 12 வரியும் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். மார்பளவு 90 சென்ரிமீற்றர். காற்றாட 10 சென்ரிமீற்றர் சேர்த்தால் சுற்றளவு 100, முன்பக்கம் 50, பின்பக்கம் 50. ஐம்பது சென்ரிமீற்றருக்கு 60 கட்டம். கட்டத்துக்கு மூன்று சங்கிலி, அதனோடு ஐந்து: ஆக 185 சங்கிலி போட்டு, ஊசியிலிருந்து எட்டாவது சங்கிலியில் முதல் ட்ரெபிளைப் போட வேண்டும். பின்னர் இரண்டு சங்கிலி, இரண்டைத் தாண்டி ட்ரெபிள் என்று முடிவுவரை. வரி திரும்பும்போது ஐந்து சங்கிலி போட்டு, அடுத்த ட்ரெபிளின் தலையில் ட்ரெபிள் போட வேண்டும். வரியின் கடைசி ட்ரெபிள், முன்வரியின் திரும்பு சங்கிலியில் மூன்றாவதில் விழ வேண்டும். இதைத் தவறவிட்டால் கட்டம் ஒவ்வொன்றாகக் குறைந்து துணி ஒருபக்கம் சரியும். ஐந்து வரிக்கு ஒருமுறை 60 கட்டம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

பின்பக்கம் நேரே 66 வரி, அதாவது 55 சென்ரிமீற்றர். முன்பக்கம் 56 வரி வரை அப்படியே. அதன்பின் நடுவில் 24 கட்டத்தைக் கழுத்துக்கு விட்டுவிட்டு, இருபுறமும் தோளுக்கு 18 கட்டம் வீதம் தனித்தனியாகப் பத்து வரி பின்ன வேண்டும். கமக்கட்டு வளைவோ கை வெட்டோ வேண்டியதில்லை. தோள் இரண்டையும் பொருத்தி, பக்கங்களைக் கீழிருந்து 42 வரி உயரத்துக்குத் தைத்தால், மேலே 24 வரி கை நுழைய மிஞ்சும். கழுத்தையும் கைவாயையும் சுற்றி முதலில் டபிள் தையலில் ஒரு வரி இறுக்கமாகப் போட வேண்டும். கழுத்து இழுபடாமல் பிடிப்பது அந்த ஒரு வரிதான். சிப்பிக் கரை, முத்துக் கரை எல்லாம் அதற்கு மேல் அவரவர் விருப்பம்.

நூல் எவ்வளவு வேண்டும் என்று அறிய, முதற் பந்து முடியும் இடத்தில் எத்தனை கட்டம் வந்திருக்கிறது என்று எண்ணுங்கள். இந்தச் சட்டையில் மொத்தம் 7,680 கட்டம். ஒரு பந்தில் 1,900 கட்டம் வந்தால் நான்கு பந்து போய், மூலைக்கும் கரைக்கும் இன்னொன்று வேண்டும்.

முடித்த சட்டையைக் கழுவி, பாயின்மேல் பழைய வெள்ளைச் சீலையை விரித்து, அளவுக்கு இழுத்து, துருப்பிடிக்காத குண்டூசிகளால் குத்திக் காயவிட வேண்டும். குத்தாமல் காய்ந்த றேந்தையும் குத்திக் காய்ந்த றேந்தையும் ஒரே கையால் பின்னியவை என்று நம்புவது கடினம். அதன் பிறகு கொடியிலோ மாட்டியிலோ தொங்கவிடாமல் மடித்தே வைக்க வேண்டும்.

மணித்தியாலம்

இனி எமது பிழைக்கு வருகிறோம். இரண்டாவது சட்டையைப் பார்த்த வியாபாரி ஒருவர் ஆறு சட்டைகள் கேட்டார். விலை சொல்லும் பொறுப்பு எம்மிடம் விடப்பட்டது. நாம் நூலின் விலையைக் கூட்டி, அதற்குமேல் “கைக்கூலி” என்று ஒரு தொகையை வைத்தோம். வீட்டிலிருந்து ஓய்வு நேரத்தில் செய்யும் வேலைதானே என்ற எண்ணம் எமக்குள் இருந்தது. சட்டைகள் போன பிறகு ஒரு சகோதரி மெல்லக் கேட்டார்: “ஃபாதர், வெங்காயம் நடப் போயிருந்தால் இதைவிட வந்திருக்குமே?”

மேலே சொன்ன சட்டைக்கே கணக்குப் பார்ப்போம். பழகிய கை பத்துக் கட்டத்துக்கு ஒன்றரை நிமிடம் எடுப்பதாக வைத்துக்கொண்டால், 7,680 கட்டத்துக்கு 1,152 நிமிடம், ஏறக்குறைய 19 மணித்தியாலம். பொருத்துதல், கரை, கழுவிக் குத்துதல் எல்லாம் சேர்ந்து ஐந்து. ஆக 24 மணித்தியாலம், மூன்று முழு நாள் வேலை. சமையலும் பிள்ளைகளும் தண்ணீர் அள்ளுதலும் போக ஒருவருக்குத் தினம் மூன்று மணித்தியாலம் கிடைத்தால் ஒரு சட்டைக்கு எட்டு நாள். நாம் வைத்த “கைக்கூலி” ஒரு நாட்கூலிக்கும் குறைவு.

இந்த வேலையை விரைவாக்க இயந்திரம் வரும் என்றும் காத்திருக்க முடியாது. குறோசே போலத் தோன்றும் துணியை இயந்திரங்கள் நெய்கின்றன. ஆனால் சந்தையில் விற்கப்படும் உண்மையான குறோசே, எந்த நாட்டினதாயினும், யாரோ ஒருவர் கையால் பின்னியது. அதன் விலை மிகக் குறைவாக இருந்தால் அந்தக் குறைவு எங்கோ ஒரு கையிலிருந்து எடுக்கப்பட்டது.

இவ்வேலையைச் சமூகத் தொண்டாக முன்னெடுத்தவர்களில் முதல்வர்கள் நாமல்ல. அயர்லாந்தில் 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து பெரும் பஞ்சம் வந்தபோது, கோர்க் பகுதியில் உர்சுலைன் கன்னியர்களும், 1847இல் குளோன்ஸ் என்ற ஊரில் அங்கிலிக்கன் குருவின் மனைவியான கசாண்ட்ரா ஹாண்ட் என்பவரும் ஏழைப் பெண்களுக்குக் குறோசே றேந்தை கற்பித்தார்கள். ரோசாப்பூ, இலை, முந்திரிக்குலை எனத் தனித்தனியாகப் பின்னி, பின்னர் வலைப்பின்னலால் இணைப்பது அவர்களுடைய முறை. அந்த ஊசி பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. அதில் செய்த மேற்சட்டைகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய, அமெரிக்கச் சீமாட்டிகளின் நாகரிகமாயின. 1880களில் ஐரோப்பாவில் தோன்றிய, இயந்திரத்தில் தைத்து அடித்துணியை இரசாயனத்தால் கரைத்து எடுக்கும் போலி றேந்தை அதனோடு விலையில் போட்டியிட்டது. முதலாம் உலகப் போரோடு அந்தச் சந்தை சரிந்தது.

இன்னும் கிட்டிய பாடம் ஆந்திராவில் கோதாவரிக் கரையிலுள்ள நர்சாப்பூர். அங்கும் 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிமாரே இப்பின்னலைக் கற்பித்தார்கள். மரியா மீஸ் என்ற ஜேர்மன் சமூகவியலாளர் அப்பெண்களைப் பற்றி எழுதிய நூல் 1982இல் வெளியானது. நாளுக்கு ஆறு முதல் எட்டு மணித்தியாலம் பின்னிய பெண்கள் வயற்கூலிக்கும் குறைவாகவே பெற்றார்கள் என்றும், அவர்களைத் தொழிலாளர் என்று எவரும் எண்ணவில்லை, வீட்டிலிருந்து பொழுதுபோக்காகச் செய்பவர்கள் என்றே வியாபாரிகள் சொன்னார்கள் என்றும் அவர் காட்டினார். நர்சாப்பூர் றேந்தைக்கு 2024இல் இந்தியாவில் புவிசார் குறியீடு கிடைத்தது. மீஸின் நூலை வாசித்தபோது, வியாபாரிகளின் அந்தச் சொல் எமது வாயிலிருந்தும் வந்ததே என்பதுதான் எம்மைச் சுட்டது.

இப்போது எமது குழுவில் ஒவ்வொருவரிடமும் ஒரு கொப்பி இருக்கிறது. ஊசியை எடுத்த நேரம், வைத்த நேரம், முடித்த கட்டம் மூன்றையும் எழுதுகிறார்கள். முதலில் அலுத்துக்கொண்டார்கள்; சிலர் கிழமை முடிவில் மனக்கணக்காக நிரப்பினார்கள். விலை இப்போது நூல், மணித்தியாலம், கழிவுப் பந்து, போக்குவரத்து என்று நான்கு வரியில் எழுதப்படுகிறது. மணித்தியாலத்துக்கு எவ்வளவு என்பதை ஊரில் அந்தப் பருவத்து வயற்கூலியைப் பார்த்துக் குழுவே தீர்மானிக்கிறது, நாம் அல்ல.

அதே வியாபாரி திரும்பி வந்து மீண்டும் ஆறு சட்டைகள் கேட்டார். புதிய விலையைக் கேட்டுச் சிரித்தார். வெங்காயக் கதை சொன்ன சகோதரி கொப்பியைத் திறந்து அவர் முன் வைத்தார். அவர் நெடுநேரம் புரட்டிப் பார்த்துவிட்டு இரண்டு சட்டைகளை எடுத்துக்கொண்டு போனார். மீதி நான்கில் மூன்று நத்தாருக்கு முன் விற்றுவிட்டன. ஒன்று இன்னும் மண்டப அலுமாரியில் மடித்தபடி இருக்கிறது. மார்பளவு 90, இளமஞ்சள்.