குத்தாலத்துல இன்னிக்குக் குளிக்கலாமா? அருவிக்கரையில ஒரு வெப் சர்வர் போட்டி!

ஜூன் பொறந்துட்டா போதும். நெல்லை, மதுரை, கோவில்பட்டினு எந்த ஊர் ஹாஸ்டலா இருந்தாலும் வெள்ளிக்கிழமை ராத்திரி ஓடுற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். "மக்கா, குத்தாலத்துல தண்ணி விழுதா? குளிக்க விடுறாங்களா?"

ஒருத்தன் விழுதும்பான். இன்னொருத்தன் போன வருஷத்து வீடியோவை எடுத்து அனுப்புவான். அதை நம்பி விடியக்காலை பஸ் ஏறிப் போனா, தென்காசி தாண்டி அருவிக்கரையில கயிறு கட்டி போலீஸ் நிக்கும். "வெள்ளம் வருது, யாரும் இறங்காதீங்க!"

ட்ரிப் வீணாப் போறது சின்ன விஷயம். 2024 மே 17-ஐ ஞாபகம் வெச்சுக்கோங்க. சீசனே இன்னும் தொடங்கலை. மலையில பெஞ்ச கோடை மழையில பழைய குற்றாலத்துல திடீர்னு வெள்ளம் வந்துச்சு. 17 வயசுப் பையன் ஒருத்தன் அடிச்சுட்டுப் போய் செத்துப்போனான். நம்மளைவிட மூணு வயசு சின்னவன். அருவிக்கரையில ஒரு நிமிஷம் முன்னாடி கிடைக்கிற தகவலுக்கு என்ன மதிப்புனு இதுக்கு மேல சொல்ல வேண்டாம்.

இப்ப ஒரு கற்பனை. பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி, சிற்றருவினு அஞ்சு பேரும் ஒரே பக்கத்துல இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் நேரா "அனுமதி உண்டு" அல்லது "தடை". கீழே கடைசியா மாத்தின நேரம். அவ்வளவுதான் வெப்சைட். ரெண்டாம் வருஷம் படிக்கிற யாரும் ஒரு ராத்திரியில எழுதிடலாம். ஆனா சனிக்கிழமை காலையில ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்துல அதைத் திறந்தா தாங்குமா? அது ப்ரோக்ராம் எழுதுறவர் கையில மட்டும் இல்லை. பின்னாடி நிக்கிற வெப் சர்வர் கையிலயும் இருக்கு பாஸ்!

மேடைக்கு வர்றாங்க போட்டியாளர்கள்

நம்ம பட்ஜெட் ஹாஸ்டல் மெஸ் பில்லைவிடக் கம்மி. அதனால காசு கொடுத்து வாங்குறதுக்கெல்லாம் டாட்டா. ஓப்பன் சோர்ஸ் பக்கம் வருவோம்.

முதல்ல அப்பாச்சி. தொண்ணூறுகளில் என்.சி.எஸ்.ஏ.னு அமெரிக்க ஆராய்ச்சி மையத்தோட சர்வர்தான் எல்லாருக்கும். அதை எழுதின ராப் மெக்கூல் 1994-ல அங்கேர்ந்து கிளம்பிட்டார். அம்போன்னு விடப்பட்ட சாஃப்ட்வேரை, அதைப் பயன்படுத்தின வெப்மாஸ்டர்களே ஆளுக்கொரு ஒட்டுப்போட்டுக் காப்பாத்தினாங்க. 1995-ல அது அப்பாச்சியா வெளியே வந்துச்சு. ஒரே வருஷத்துல, 1996 ஏப்ரல்ல, உலகத்துலேயே அதிகமா ஓடுற வெப் சர்வர் ஆயிடுச்சு. அடுத்த பல வருஷத்துக்கு அந்த நாற்காலியை அசைக்க ஆள் இல்லை.

அடுத்து என்ஜின்எக்ஸ். ரஷ்யாவுல ராம்ப்ளர்ங்கிற கம்பெனியில வேலை பார்த்த இகோர் சிஸோயெவ் 2002-ல எழுத ஆரம்பிச்சு, 2004 அக்டோபர்ல வெளியிட்டார். அவருக்கு முன்னாடி இருந்த சவால் சி10கே. அதாவது ஒரே மெஷின்ல ஒரே நேரத்துல பத்தாயிரம் பேரைச் சமாளிக்கிறது எப்படி? 1999-ல டான் கெகல் கிளப்பிவிட்ட கேள்வி அது.

கூடவே ரெண்டு பேர். ஜெர்மனிக்காரர் யான் க்னெஷ்கே 2003-ல எழுதின லைட்டி, கொஞ்சூண்டு மெமரியிலேயே ஓடும். யூடியூப் ஆரம்ப காலத்துல வீடியோ அனுப்பினது இதை வெச்சுத்தான். அப்புறம் 2015-ல வந்த கேடி. கோ மொழியில எழுதினது, கடைக்குட்டி, செல்லப்பிள்ளை.

டாம்கேட்டை ஏன் சேர்க்கலைனு சண்டைக்கு வராதீங்க. அது ஜாவா ப்ரோக்ராமை ஓட்டுறதுக்கான ஆள். நம்ம பக்கத்துல ஜாவாவே இல்லை.

பார்டர் கடையில ஒரு பாடம்

இவங்களுக்குள்ள என்ன வித்தியாசம்? செங்கோட்டை பக்கம் பிரானூர் பார்டர் பரோட்டா கடைக்கு வாங்க, புரிஞ்சிடும்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம். ஈரத் தலையோட ஊரே வந்து உக்காந்திருக்கு. கடையில ஒரு சட்டம் போடுறாங்கனு வெச்சுக்கோங்க. ஒரு கஸ்டமருக்கு ஒரு சப்ளையர். அவர் பரோட்டாவைப் பிச்சு, சால்னா ஊத்தி, சாப்பிட்டு, கை கழுவுற வரைக்கும் சப்ளையர் பக்கத்துலயே நிக்கணும். 256 சப்ளையர் இருந்தா 256 பேர் சாப்பிடலாம். 257-வது ஆள் வாசல்ல. இதுதான் அப்பாச்சியோட பழைய ஸ்டைல், ப்ரீஃபோர்க். 256-ங்கிறதும் நான் சும்மா சொன்ன நம்பர் இல்லை. ப்ரீஃபோர்க்ல நீங்க எதையும் மாத்தலைனா அதுதான் உச்ச வரம்பு.

என்ஜின்எக்ஸ் கடையில நாலே சப்ளையர். யாரும் ஒரு டேபிள்ல நிக்க மாட்டாங்க. அங்கே சால்னா கேட்டாங்களா, ஊத்து. இங்கே இலை காலியா, வை. மென்னுக்கிட்டு இருக்கிறவர் பக்கத்துல நின்னு என்ன பிரயோஜனம்? கூப்பிட்டா மட்டும் ஓடு. இதைத்தான் ஈவென்ட் முறைம்பாங்க. லைட்டியும் இதே வழி.

"அப்ப அப்பாச்சி அவுட்டா?"னு கேக்காதீங்க. பெரியவரும் பாடம் கத்துக்கிட்டார். 2012-ல வந்த 2.4 பதிப்புல ஈவென்ட் முறையை முழுசா உள்ளே கொண்டுவந்துட்டாங்க. சும்மா காத்திருக்கிற கனெக்‌ஷனைத் தனியா ஒருத்தர் பார்த்துப்பார், மத்தவங்க அடுத்த வேலைக்குப் போயிடலாம். இன்னிக்கும் சில கல்லூரி லேப்ல "அப்பாச்சி ஸ்லோ"னு சொன்னா, அவங்க பார்த்தது ப்ரீஃபோர்க்கா ஈவென்டானு முதல்ல கேளுங்க.

கணக்கு போடுவோமா?

பயப்படாதீங்க, எம்-3 அளவுக்கு இல்லை. சனிக்கிழமை காலை ஒரு நிமிஷத்துல 5,000 பேர் நம்ம பக்கத்தைத் திறக்கிறாங்கனு வெச்சுப்போம். செகண்டுக்குச் சுமார் 83 பேர். பக்கம் 60 கேபி. பெருக்கினா செகண்டுக்கு 5 எம்பி, அதாவது 40 மெகாபிட். சின்ன வாடகை சர்வருக்கே இது பெரிய சுமை இல்லை.

வில்லன் வேற இடத்துல இருக்கார். மலையடிவாரம், கூட்டம், சிக்னல் ஒரே ஒரு கோடு. பக்கம் இறங்க 15 செகண்ட் ஆகுதுனு வெச்சுக்கோங்க. அதுக்கப்புறமும் அடுத்த கேள்வி வருமோனு அப்பாச்சி 5 செகண்ட் லைனைப் பிடிச்சிருக்கும். ஆக ஒரு ஆளுக்கு 20 செகண்ட். 83 பெருக்கல் 20. ஒரே நேரத்துல சுமார் 1,660 பேர் லைன்ல!

ப்ரீஃபோர்க்கோட 256 இங்கே சரண்டர். வரம்பை ஏத்தலாமே? ஏத்தலாம். ஆனா பி.எச்.பி.யையும் உள்ளே வெச்சுக்கிட்டு ஒவ்வொரு ப்ராசஸும் 30 எம்பி தின்னா, 1,660-க்கு 50 ஜிபி ரேம் வேணும். காலேஜ் சேர்மன்கிட்ட கேட்டுப் பாருங்க!

என்ஜின்எக்ஸுக்கு 1,660 ஜுஜுபி. ஆனா அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கு. எதையும் தொடாம விட்டா ஒரு வொர்க்கருக்கு 512 கனெக்‌ஷன்தான். ரெண்டு வொர்க்கர்னா 1,024. நம்ம கணக்குக்கு அது பத்தாது. ஒரே ஒரு வரியை மாத்தி 4,096-ஆக்கினா சோலி முடிஞ்சது. அந்த வரியைப் பார்க்காம "என்ஜின்எக்ஸ் போட்டாச்சு, இனி கவலையில்லை"னு தூங்கினா, காலையில எழுப்புறது போன்தான்.

பொங்குமாங்கடல் சொல்ற டெக்னிக்

பேரருவியை நல்லா அண்ணாந்து பார்த்திருக்கீங்களா? மேலேர்ந்து வர்ற தண்ணி நேரா நம்ம தலையில விழுறதில்லை. நடுவுல பாறையில இருக்கிற பொங்குமாங்கடல்ங்கிற ஆழமான பள்ளத்துல விழுந்து, வேகம் அடங்கி, பொங்கி வழிஞ்சு அப்புறம்தான் கீழே வருது. அது இல்லைனா அந்த உயரத்துக்கு யாராலயும் அடியில நிக்க முடியாது.

வெப்சைட்லயும் இதையேதான் பண்றாங்க. முன்னாடி என்ஜின்எக்ஸ், பின்னாடி அப்பாச்சி. ரிவர்ஸ் ப்ராக்ஸினு பேரு. கூட்டத்தோட வேகத்தை முன்னாடி இருக்கிறவர் வாங்கிப்பார். அப்பாச்சிகிட்டேர்ந்து பதிலை டக்குனு வாங்கி வெச்சுக்கிட்டு, ஒரு கோடு சிக்னல்காரருக்கு நிதானமா ஊத்துவார். அப்பாச்சி அடுத்த வேலைக்குப் போயிடும். கூட்டம் இன்னும் அதிகமானா, தண்ணி அஞ்சு கிளையாப் பிரிஞ்சு விழுற ஐந்தருவி மாதிரி, பின்னாடி நாலஞ்சு சர்வரை நிறுத்திப் பிரிச்சு விடலாம். அது லோட் பேலன்சிங்.

வந்த பதிலைப் பத்து செகண்ட் மட்டும் சேமிச்சு வெச்சா இன்னும் விசேஷம். பத்து செகண்டுக்கு 830 பேர் கேட்டாலும் பின்னாடி போறது ஒரே ஒரு கேள்விதான்.

இங்கேதான் உயிர் இருக்கு

சேமிக்கிறது நல்லதுதான். ஆனா எவ்வளவு நேரம்? காலேஜ் கல்ச்சுரல்ஸ் சைட்னா ஒரு மணி நேரம்கூட வெச்சுக்கலாம். நம்ம சைட்ல 7.00 மணிக்கு "அனுமதி உண்டு", 7.04-க்கு மலையில மழை, 7.05-க்குத் தடை. போன் ப்ரவுசரை ஒரு மணி நேரம் சேமிக்கச் சொல்லியிருந்தீங்கனா, 7.50-க்கும் ஒருத்தர் "அனுமதி உண்டு"னு பார்த்துட்டு உள்ளே இறங்குவார். சர்வர் சூப்பரா ஓடும். தகவல் செத்திருக்கும்.

இன்னொரு வசதியும் உண்டு. பின்னாடி இருக்கிற சர்வர் படுத்துட்டா, கையில இருக்கிற பழைய பதிலையே கொடுத்துச் சமாளினு என்ஜின்எக்ஸ்கிட்ட சொல்லி வைக்கலாம். சினிமா சைட்டுக்கு அது வரம். அருவி சைட்டுக்கு அது ஆபத்து.

அதனால மூணு விதி போடுங்க. ஒண்ணு, சேமிப்பு பத்து செகண்டைத் தாண்டக் கூடாது. ரெண்டு, மாத்தின நேரம் கொட்டை எழுத்துல தெரியணும். மூணு, அந்த நேரம் 15 நிமிஷத்துக்கு மேல பழசானா "அனுமதி உண்டு"ங்கிற வார்த்தை தானா மறைஞ்சு, "தகவல் பழசு, அங்கே இருக்கிற போலீஸைக் கேளுங்க"னு வரணும். சந்தேகம்னா தடைனு காட்டு. அனுமதினு காட்டாதே. இது சர்வர் பாடப் புத்தகத்துல தேடினா கிடைக்காது. ஆனா இதுவும் ஆர்க்கிடெக்சர்தான்.

சரி, தீர்ப்பு என்னப்பா?

*அப்பாச்சி:* ஏற்கெனவே வேர்ட்பிரஸ், ட்ரூபல்னு ஓடிட்டு இருக்கா? ஒரே மெஷின்ல பல டிபார்ட்மென்ட் சைட் இருக்கா? அவங்கவங்க ஃபோல்டர்ல எச்.டி.ஆக்சஸ் ஃபைல் வெச்சு அவங்கவங்களே செட்டிங் மாத்திக்கலாம். என்ஜின்எக்ஸ்ல இந்த வசதி கிடையாது. கூட்டம் அளவாதான் வரும்னா இவரே போதும், ஈவென்ட் முறையில.

*என்ஜின்எக்ஸ்:* கூட்டம், ஸ்லோ நெட், முன்னாடி நிக்கிற வேலை. மூணுக்கும் இவர்தான் ஹீரோ.

*லைட்டி:* பழைய கம்ப்யூட்டர், ராஸ்ப்பெரி பை மாதிரி குட்டி போர்டு கையில இருந்தா.

*கேடி:* நிர்வாகம் பண்ண ஆளே இல்லைனா. பூட்டு சின்னத்துக்கான சர்ட்டிஃபிகேட்டை லெட்ஸ் என்க்ரிப்ட்கிட்ட இலவசமா வாங்கினாலும் அது அதிகபட்சம் 90 நாள்தான் செல்லும். கேடி தானே வாங்கி, தானே புதுப்பிச்சுக்கும். செமஸ்டர் பரீட்சை நேரத்துல இது எவ்வளவு பெரிய உதவினு உங்களுக்கே தெரியும்.

நம்ம அருவிப் பக்கத்துக்கு என் ஓட்டு? பி.எச்.பி.யே வேண்டாம். நிலவரம் மாறும்போது மட்டும் ஒரு சாதாரண எச்.டி.எம்.எல். ஃபைலை எழுதி வெச்சுடுங்க. பின்னாடி யாரும் யோசிக்க வேண்டிய வேலையே இல்லாமப் போயிடும். அதை என்ஜின்எக்ஸ் கொடுக்கட்டும். பார்த்துக்க ஆள் இல்லாத டீம்னா கேடி.

கம்பெனி கைமாறினா?

2019-ல என்ஜின்எக்ஸ் கம்பெனியை எஃப்5 67 கோடி டாலருக்கு வாங்கிடுச்சு. சிஸோயெவ் 2022-ல வெளியேறினார். முக்கியமான டெவலப்பர் மாக்சிம் துனின் 2024 பிப்ரவரியில, கம்பெனி முடிவுகள் பிடிக்காம, கோடை எடுத்துக்கிட்டு ஃப்ரீஎன்ஜின்எக்ஸ்னு தனிக்கடை போட்டார். யாரும் தடுக்க முடியாது. லைசென்ஸ் அப்படி. அன்னிக்கு என்.சி.எஸ்.ஏ. சர்வரை வெப்மாஸ்டர்கள் தூக்கி நிறுத்தினாங்களே, அதே கதைதான். ஓப்பன் சோர்ஸ்னா இலவசம் மட்டும் இல்லை மக்கா, நம்மளை யாரும் நடுவழியில இறக்கிவிட முடியாதுங்கிற தைரியமும்தான்.

"இதெல்லாம் பெங்களூர்க்காரங்க வேலை"ங்கிறீங்களா? ஸோஹோ மாதிரி ஒரு கம்பெனி தென்காசி பக்கத்து மத்தளம்பாறையில ஆபீஸ் போட்டு சாஃப்ட்வேர் எழுதிக்கிட்டு இருக்கு. கணியம்னு தேடினா லினக்ஸ் பத்தித் தமிழ்லேயே இலவசமாப் படிக்கலாம். பழைய கம்ப்யூட்டர் ஒண்ணுல டெபியன் ஏத்துங்க. அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் ரெண்டையும் மாத்தி மாத்திப் போடுங்க. அப்பாச்சியோடவே வர்ற ஏ.பி.ங்கிற கருவியால நீங்களே செயற்கையா ஆயிரம் பேரை அனுப்பி அடிச்சுப் பாருங்க. உங்க சொந்த மெஷினை மட்டும்! காலேஜ் சைட்டை அடிச்சுட்டு என் பேரைச் சொல்லாதீங்க.

யார் விழுந்தா, எத்தனாவது ஆள்ல விழுந்தானு நோட்டுல எழுதுங்க. அந்த ஒரு பக்கம், இன்டர்வியூவுல பத்து சர்ட்டிஃபிகேட்டுக்குச் சமம்.