கம்பைலரே பிழை செய்தால்?

வெளி மாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களில் பிள்ளையோ மருமகளோ கணிப்பொறித் துறையில் இருப்பது இன்று சர்வசாதாரணம். இரவு பதினொரு மணிக்கும் திரையை விட்டு எழுந்திருக்காதவரிடம் என்ன விஷயம் என்று கேட்டால், "கம்பைலர்ல ஏதோ பக்" என்று பதில் வரும். அது என்ன என்று பெற்றோருக்கும், அதைச் சமாளிப்பது எப்படி என்று பிள்ளைகளுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

நாம் சி போன்ற மொழிகளில் எழுதும் நிரலை பிராசஸருக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். சாதாரணக் கட்டளை ஒரு தடவைக்கு ஒரு கூட்டல்தான் செய்யும். வெக்டார் கட்டளை இட்லித் தட்டு மாதிரி. எல்லாக் குழியும் ஒரே ஆவியில் வேகும். 1999-ல் பென்டியம் 3 சிப்போடு இன்டெல் கொண்டுவந்த எஸ்.எஸ்.இ. கட்டளைகளில் தட்டுக்கு நான்கு தசம எண்கள். 2011-ல் சந்தைக்கு வந்த ஏ.வி.எக்ஸ். கட்டளைகளில் எட்டு. படம், ஒலி, மருத்துவ ஸ்கேன் என்று லட்சக்கணக்கான எண்களைப் புரட்டும் நிரல்களுக்கு இது பெரிய வரப்பிரசாதம்.

இந்தக் கட்டளைகளை சி மொழியிலிருந்தே கேட்டு வாங்கும் வழிக்கு இன்ட்ரின்சிக் என்று பெயர். பார்வைக்கு ஃபங்ஷன் போல இருக்கும். பெரும்பாலும் ஒரே ஒரு பிராசஸர் கட்டளையாக மாறும். என்ன கணக்கு என்பதை நாம் சொல்கிறோம். எந்த ரெஜிஸ்டரில் வைப்பது, ரெஜிஸ்டர் போதாவிட்டால் எங்கே இறக்கி வைப்பது என்பதைக் கம்பைலர் முடிவு செய்கிறது. வம்பு பிறப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது பாதியில்தான்.

ஓர் உண்மையான உதாரணம் சொல்கிறேன். எட்டு எண்கள் கொண்ட ஏ.வி.எக்ஸ். தட்டு 32 பைட் நீளம். அதை நினைவகத்தில் இறக்கி வைக்க இரண்டு வகைக் கட்டளைகள் உண்டு. ஒன்று, முகவரி 32-ஆல் மீதமின்றி வகுபட வேண்டும் என்று அடம்பிடிக்கும். வகுபடாவிட்டால் நிரல் அங்கேயே விழுந்துவிடும். மற்றது எந்த முகவரியையும் ஏற்கும். 64 பிட் விண்டோஸின் விதிப்படி ஸ்டாக் என்னும் தற்காலிக இடம் 16-ஆல் வகுபட்டால் போதும். ஆகவே 32-க்குச் சரிசெய்துகொள்வது கம்பைலரின் பொறுப்பு. விண்டோஸுக்கான ஜி.சி.சி. கம்பைலர் அதைச் செய்யாமலே அடம்பிடிக்கும் கட்டளையைப் போட்டுவைத்தது. 2012-ல் 54412 என்ற எண்ணில் பதிவான இந்தக் குறை பத்தாண்டுகளுக்கு மேல் தீராமல் கிடந்தது.

விளைவு விசித்திரமானது. முகவரி தற்செயலாக 32-ஆல் வகுபட்டால் நிரல் ஓடும், இல்லாவிட்டால் விழும். என்ன நடக்கிறது என்று பார்க்க ஒரு பிரிண்ட் வரி சேர்த்தால் முகவரி நகர்ந்து, நோயே மறைந்துவிடும். லினக்ஸில் அதே நிரல் ஒழுங்காக ஓடும். ஆப்டிமைசேஷனை நிறுத்தினால் எல்லா மாறிகளும் ஸ்டாக்குக்கே போவதால் தொல்லை கூடவும் செய்யும். இத்தனைக்கும் எழுதியவர் மேல் ஒரு தவறும் இல்லை.

அதற்காக எடுத்ததற்கெல்லாம் கம்பைலரைக் குற்றம் சொல்லக் கூடாது. பத்தில் ஒன்பது தடவை பிழை நம்முடையதுதான் என்பது என் கட்சி. தசம எண்களில் கூட்டும் வரிசை மாறினாலே விடை மாறும். 32 பிட் தசம எண்ணில் 1,67,77,216-உடன் 1 கூட்டினால் விடை அதேதான். இன்னொரு 1 கூட்டினாலும் அதேதான். இரண்டு ஒன்றுகளை முதலில் கூட்டிவிட்டுச் சேர்த்தால் 1,67,77,218 வரும். எட்டு எட்டாகக் கூட்டும்போது வரிசை மாறத்தான் செய்யும். இது பிழை அல்ல, கணக்கின் சுபாவம்.

ஆகவே ஒவ்வொரு வெக்டார் ஃபங்ஷனுக்கும் பக்கத்தில் ஒவ்வொன்றாகக் கணக்கிடும் எளிய வடிவம் ஒன்று இருக்கட்டும். இரண்டின் விடைகளையும் ஒப்பிடுங்கள். வேறொரு கம்பைலரிலும் ஓட்டிப் பாருங்கள். நிரலைச் சுருக்கிச் சுருக்கி இருபது வரிக்குக் கொண்டுவாருங்கள். பாதி வழக்குகள் அங்கேயே முடிந்துவிடும். மிச்சத்துக்குக் கம்பைலர் உண்டாக்கிய அசெம்பிளியைப் படிப்பதைத் தவிர வழியில்லை. மேலே சொன்ன வழக்கில் ஸ்டாக் முகவரியோடு நிற்கும் அந்த அடம்பிடிக்கும் கட்டளைதான் கையும் களவுமான சாட்சி.

குற்றம் உறுதியானால் சமாளிப்பதற்கு வருவோம். நம் நிரலில் எந்த முகவரியையும் ஏற்கும் இன்ட்ரின்சிக்குகளாக மாற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது; குற்றக் கட்டளை கம்பைலர் தானாகச் செருகியது. விண்டோஸுக்கு மட்டும் கிளாங் கம்பைலருக்கு மாறலாம். அல்லது 2022 முதல் குனூ அசெம்பிளரில் உள்ள ஒரு வசதியைக் கொண்டு, அடம்பிடிக்கும் கட்டளைகள் எல்லாவற்றையும் மற்ற வகையாக மாற்றச் சொல்லலாம். 2008-ல் வந்த நெஹேலம் சிப்புக்குப் பிறகு, முகவரி சரியாக அமைந்திருக்கும்வரை இரண்டு வகைக்கும் வேகத்தில் வித்தியாசம் கிடையாது. இரண்டும் முடியாவிட்டால் அந்த இடத்தில் மட்டும் 16 பைட் தட்டுக்கு இறங்கிவிடுவது மேல். வேகம் போனாலும் விடை நிற்கும்.

நிரல் விழுவதுகூட நல்ல காலம்தான். சத்தமில்லாமல் தப்பான விடை தரும் கம்பைலர் பிழைகளும் உண்டு. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஜான் ரெகர் குழுவினர் சிஸ்மித் என்ற கருவியால் சகட்டுமேனிக்கு நிரல்களை உற்பத்தி செய்து கம்பைலர்களுக்கு ஊட்டினார்கள். 2011-ல் வெளியான அவர்கள் கட்டுரைப்படி, அதுவரை அறியப்படாத 325-க்கும் மேற்பட்ட பிழைகள் பிடிபட்டன. ஸ்கேன் படத்தில் ஒரு புள்ளி மாறி விழுந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? அதனால்தான் எளிய வடிவத்தோடு ஒப்பிடும் சோதனையைத் தினமும் ஓட்டச் சொல்வது.

சமாளிப்பு வரிக்கு மேலே எந்தக் கம்பைலர், எந்தப் பதிப்பு, பிழையின் எண் என்ன என்று குறிப்பு எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் இரண்டு வருஷம் கழித்து வேறொருவர் "இது எதற்கு?" என்று அந்த வரியை நீக்கிவிட்டு, ராத்திரி பதினொரு மணிக்கு முதலிலிருந்து தேட ஆரம்பிப்பார்.