ஜன்னல் ஓரம் தண்ணி இறங்குதா? நிலை வைக்கும்போதே கவனிக்காவிட்டால் சுவருக்கே ஆபத்து

காட்டுமன்னார்கோயில்:

ஐப்பசி, கார்த்திகை அடைமழை பிடித்துவிட்டால் காட்டுமன்னார்கோயில், லால்பேட்டை, சிதம்பரம் பகுதியில் பல வீடுகளில் ஒரே புலம்பல்தான். "மேல ஒழுகலை, ஆனா ஜன்னல் ஓரமா தண்ணி இறங்குது" என்பார்கள். ஜன்னலுக்குக் கீழே சுவர் ஊறிப்போய், பெயிண்டு உப்பி, பூச்சு உதிரும். சாக்கைப் போட்டு தண்ணீரை ஒற்றி எடுப்பார்கள். மார்கழி பிறந்தால் அதே சந்து வழியாகப் பனிக்காற்று வரும். குழந்தைக்குச் சளி பிடிக்குமே என்று பழைய துணியைச் சொருகிவிட்டுப் படுப்பார்கள்.

ஜன்னல் சரியில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் குற்றம் ஜன்னலில் இல்லை. ஜன்னல் நிலைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்தில்தான் இருக்கிறது.

யார் வேலை?

நிலையைச் செய்து தருவது ஆசாரி. சுவர் கட்டுவது கொத்தனார். இரண்டுக்கும் நடுவில் விழும் இடைவெளி யார் பொறுப்பு? "அது கொத்தனார் பார்த்துக்குவாரு" என்பார் ஆசாரி. கொத்தனாரோ செங்கல் துண்டைச் சொருகி, மேலே கலவையைப் பூசி மறைத்துவிடுவார். பார்க்க அழகாக இருக்கும். வெயிலில் மரம் சுருங்கும், மழையில் உப்பும். ஒரே வருடத்தில் அந்தப் பூச்சில் தலைமுடி அளவுக்கு விரிசல் விடும். காற்றோடு அடிக்கும் மழைக்கு அந்த விரிசல் போதும்.

உள்ளே போன தண்ணீர் சும்மா இருக்காது. மர நிலையை உளுக்க வைக்கும். ஈரம் இருந்தால் கரையான் வரும். கம்பி துருப்பிடித்து வீங்கி சுவரைப் பிளக்கும். ஜன்னலை ஒட்டி சுவிட்சு போர்டு இருந்தால் ஷாக் அடிக்கும் அபாயமும் உண்டு.

புயலில் என்ன நடக்கும்?

கடலூர் மாவட்டம் புயலுக்குப் பழகிய மாவட்டம். 2011-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி அதிகாலை 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது மணிக்கு 140 கிலோ மீட்டர் வேகம் வரை காற்று வீசியது. 2024-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி 'பெஞ்சல்' புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது.

இப்படிப்பட்ட காற்றில் சரியாகப் பிடிக்காத ஜன்னல் பிய்த்துக்கொண்டு போனால், காற்று வீட்டுக்குள் புகுந்து கூரையை அடியில் இருந்து தூக்கும். மேலே வீசும் காற்றும் கூரையை இழுக்கும். ஓட்டு வீடு, ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு வீடு என்றால் கூரையே பறந்துவிடும். ஜன்னல் கெட்டியாக நின்றால் கூரைக்கும் அது காவல்.

சரியாக வைப்பது எப்படி?

* நிலையை ரசமட்டம், தூக்குக்குண்டு வைத்துப் பார்த்துதான் நிறுத்த வேண்டும். கோணலாக நின்றால் கதவு மூடாது, சந்து விழும்.

* ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 2 இரும்பு கிளாம்பு வேண்டும். அவற்றைச் சுவருக்குள் விட்டு ஜல்லி கான்கிரீட் போட்டு இறுக்க வேண்டும். வெறும் ஆணி தாங்காது.

* சுவரில் படும் மரப்பக்கத்துக்கு முன்கூட்டியே தார் அல்லது பிரைமர் அடிக்க வேண்டும். நிலை வைத்த பிறகு அந்தப் பக்கத்தைத் தொடவே முடியாது.

* நிறுத்துவதற்கு வைத்த மர ஆப்புகளை எடுத்துவிட வேண்டும். உள்ளேயே விட்டால் மக்கி, அந்த இடம் ஓட்டையாகிவிடும்.

* ஜன்னலின் அடிக்கட்டை வெளிப்பக்கம் சரிவாக இருக்க வேண்டும். சமமாக இருந்தால் தண்ணீர் தேங்கி உள்ளே வரும்.

* சன்ஷேடும் வெளியே சரிய வேண்டும். அதன் அடியில், விளிம்பை ஒட்டி விரல் அகலத்துக்கு ஒரு காடி இழுத்தால், தண்ணீர் சுவர் பக்கம் ஓடி வராமல் அங்கேயே சொட்டிவிடும்.

வடகிழக்குப் பருவமழை என்பதால் வடக்கு, கிழக்கு ஜன்னல்களில் கூடுதல் கவனம் தேவை. புயல் கடக்கும்போது காற்று திசை மாறும். அதனால் மற்ற ஜன்னல்களையும் விட்டுவிடக் கூடாது.

அலுமினியம், பிளாஸ்டிக் ஜன்னலா?

இப்போது பலர் அலுமினியம், யூ.பி.வி.சி. ஜன்னல் வைக்கிறார்கள். இதில் சுற்றியுள்ள சந்தை நுரை அடித்து நிரப்பி, வெளிப்பக்கம் சிலிக்கான் பசை இழுக்க வேண்டும். தள்ளு ஜன்னலின் அடித்தடத்தில் வெளிப்பக்கம் சின்ன ஓட்டைகள் இருக்கும். அது தண்ணீர் வெளியேறும் வழி. "ஓட்டை இருக்கே" என்று சிமெண்டு வைத்து அடைத்துவிட்டால் தண்ணீர் வீட்டுக்குள்தான் வழியும்.

தமிழர்கள் நிறைய பேர் வாழும் கனடாவின் டொரண்டோவில் குளிர் பூஜ்யத்துக்கும் கீழே போகும். அங்கே இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்டாலும், சந்தை அடைக்காவிட்டால் வீட்டுச் சூடு வெளியே போய்விடும், பில் எகிறும். அங்கே சூடு வெளியே போகிறது, இங்கே மழை உள்ளே வருகிறது. வழி என்னவோ அதே சந்துதான்.

ஒரு வாளித் தண்ணி சோதனை

தமிழக அரசு 2024-ல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 360 சதுர அடி, 3½ லட்சம் ரூபாய் என்று கணக்கு. அந்த அளவு வீட்டில் ஒரு சுவர் ஊறினால் பாய் விரிக்கவே இடம் இருக்காது. மறுபடி இடித்துக் கட்டக் கூலி வேலை பார்ப்பவர் எங்கே போவார்?

எனவே பெயிண்டு அடிக்கும் முன்பே சோதித்துவிட வேண்டும். ஜன்னலை மூடிவிட்டு, வெளியே இருந்து டியூப்பில் தண்ணீர் அடிக்க வேண்டும். முதலில் அடியில், பிறகு பக்கங்களில், கடைசியாக மேலே. டியூப் இல்லை என்றால் வாளியில் மொண்டு மொண்டு ஊற்றலாம். ஒருவர் உள்ளே நின்று பார்த்தால் எந்த இடத்தில் ஈரம் கசிகிறது என்று உடனே தெரிந்துவிடும்.

மேஸ்திரிக்குக் கடைசிக் கூலியை எண்ணிக் கொடுக்கும் முன்பே இதைச் செய்வது நல்லது. கசிந்தால் அவரையே சரிசெய்யச் சொல்லலாம். அடைமழையில் கண்டுபிடித்தால் ஆளும் கிடைக்காது, கலவையும் காயாது.