வெனீசியா ஸ்டான்லிக்கு அஸ்குவித் எழுதிய கடிதங்கள்

ஹெர்பெர்ட் ஹென்றி அஸ்குவித் 1908 முதல் 1916 வரை ஐக்கிய இராச்சியத்தின் பிரதமராகப் பதவி வகித்தவர். முதலாம் உலகப் போர் தொடங்கியபோது ஆட்சியில் இருந்த இவர், தமது மகள் வயலெட்டின் தோழியான வெனீசியா ஸ்டான்லிக்கு (1887–1948) எழுதிய கடிதங்களுள் சுமார் 560 எஞ்சியுள்ளன. இருவருக்கும் இடையே ஏறத்தாழ 35 ஆண்டு வயது வேறுபாடு இருந்தது. வெனீசியாவின் மறுமொழிகள் கிடைக்கவில்லை. ஆகவே இவ்வுறவின் ஒரு பக்கத்தை மட்டுமே அறிய முடிகிறது. அது உடல் சார்ந்த உறவாகவும் இருந்ததா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

அன்றாட வாழ்வு

1912 அளவில் காதலாக மாறிய இந்நட்பு, 1914 இல் ஏறக்குறைய நாள்தோறும் கடிதம் எழுதும் நிலையை அடைந்தது. சில நாட்களில் மூன்று கடிதங்கள் வரை எழுதினார். அமைச்சரவைக் கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே எழுதியவையும் உண்டு. அக்கால இலண்டனில் ஒரே நாளில் பலமுறை அஞ்சல் வழங்கப்பட்டதால் காலையில் எழுதியது அன்றே கிடைத்துவிடும். விருந்துக்கு வந்தவர்கள், படித்த நூல்கள், பிரிட்ஜ் சீட்டாட்டம், வெள்ளிக்கிழமைகளில் இருவரும் மகிழுந்தில் சென்ற உலா ஆகியவற்றுடன் தார்தனெல்சுத் தாக்குதல் போன்ற போர்த் திட்டங்களும் இவற்றில் இடம்பெற்றன. தம் அமைச்சர்களைத் தேர்வு முடிவுப் பட்டியல் போலத் தரவரிசைப்படுத்திய கடிதமும் ஒன்று உண்டு. இரகசியத் தந்திகளைக்கூட அவர் சில வேளைகளில் சாதாரண அஞ்சலில் இணைத்து அனுப்பினார். போர்முனையில் இருந்த படைவீரர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் தணிக்கை செய்யப்பட்ட காலம் அது என்பதை நோக்க, இது பெரும் பொறுப்பின்மை என்றே கூற வேண்டும்.

முறிவு

1915 மே மாதத்தில், அஸ்குவித்தின் அமைச்சரவையைச் சேர்ந்த எட்வின் மொண்டேகுவை மணக்கப்போவதாக வெனீசியா அறிவித்தார். (இந்திய வரலாற்றில் 1919 ஆம் ஆண்டின் மொண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தங்களுடன் தொடர்புடையவர் இவரே. அச்சீர்திருத்தங்கள் கொண்டுவந்த இரட்டையாட்சி முறையின் கீழ்தான் 1920 இல் சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி ஆட்சி அமைத்தது.) அதே வாரத்தில் அஸ்குவித் கூட்டணி அரசு அமைக்க இசைந்தார். மனமுறிவே இதற்குக் காரணம் என்று கூறுவோர் உளர். எனினும் பீரங்கிக் குண்டுத் தட்டுப்பாடும் கடற்படைத் தலைவர் ஃபிஷரின் பதவி விலகலுமே அதற்குப் போதிய காரணங்களாக இருந்தன.

வரலாற்று மதிப்பு

1916 டிசம்பரில் லாயிட் ஜார்ஜ் பிரதமராகும் வரை பிரித்தானிய அமைச்சரவைக் கூட்டங்களுக்கு முறையான குறிப்பேடு கிடையாது. கூட்டத்துக்குப் பின் பிரதமர் மன்னருக்கு எழுதும் கடிதமே அலுவல்முறைப் பதிவாக இருந்தது. அதில் இடம்பெறாத கருத்து வேறுபாடுகளையும் ஐயங்களையும் வெனீசியாவுக்கு எழுதிய கடிதங்களில் காணலாம். மைக்கேல் புரொக், எலினோர் புரொக் ஆகியோர் தொகுத்த பதிப்பு 1982 இல் வெளிவந்தது. மூலக் கடிதங்கள் ஆக்ஸ்போர்டில் உள்ள போட்லியன் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.