ஒற்றை வாக்கியத்தின் பரீட்சை

நூறு பக்கங்களுக்கு மேல் நீளும் ஒரு திரைக்கதையின் சாரத்தை ஓரிரு வாக்கியங்களில் அடக்கிச் சொல்வதை ஹாலிவுட்டில் லாக்லைன் என்பார்கள். கோடம்பாக்கத்துக் கதை விவாதங்களில் ஒன்லைன் என்று வழங்குவதும் ஏறக்குறைய இதுவே. ஹாலிவுட்டில் படநிறுவனங்களுக்கு வந்து குவியும் பிரதிகளைப் படித்து அபிப்பிராயம் எழுதுவதற்கென்றே வாசகர்கள் நியமிக்கப்படுகிறார்கள். அவர்கள் தயாரிக்கும் அறிக்கையில் கதைச் சுருக்கத்துக்கும் விமர்சனத்துக்கும் முன்னதாக இடம்பெறுவது இந்த வாக்கியமே ஆதலால், அவகாசமற்ற தயாரிப்பாளர் அதைத் தாண்டிப் படிக்காமலே பிரதியை ஒதுக்கிவிடுவதும் உண்டு.

இவ்வாக்கியத்துக்கு அங்கங்கள் நான்கு: பிரதம பாத்திரம் எத்தகையது, அது நாடுவது யாது, அதற்கு விக்கினமாய் நிற்பது எது, தோற்றால் நேரும் நஷ்டம் என்ன என்பவை. 1975-இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய 'ஜாஸ்' படத்தை எடுத்துக்கொள்வோம். 'ஒரு தீவில் சுறா ஒன்று மனிதர்களைக் கொல்கிறது' என்றால், அது செய்தியாகுமே தவிரக் கதையாகாது. கேட்பவர் உடனே, 'அதைத் தடுக்க முனைபவர் யார்?' என்று வினவுவார். 'தண்ணீரைக் கண்டாலே அஞ்சும் போலீஸ் தலைவர் ஒருவர், கோடைக்கால வருமானம் போய்விடுமே என்று கடற்கரையை மூட மறுக்கும் மேயரோடு மல்லாடி, ஊராரைப் பலிகொள்ளும் சுறாவைக் கொல்லத் தாமே படகேறுகிறார்' என்று சொன்னாலோ, பிராடி என்ற அவர் பெயரைச் சொல்லாமலே கதை கண்முன் நின்றுவிடுகிறது. அவருடைய அச்சமும் கடமையும் ஒன்றோடொன்று முரண்படுவதே அதற்குக் காரணம். திரைக்கதையாசிரியர் பிளேக் ஸ்னைடர் 2005-இல் வெளியிட்ட 'சேவ் த கேட்' என்னும் நூலில் இம்முரணையே பிரதானமாக வற்புறுத்துவதோடு, முன்பின் அறியாதவர்களிடமும் கதையைச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்கிறார்.

சொல்லிப் பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. 'நன்றாயிருக்கிறதா?' என்று கேட்டால், சிநேகிதர் தாட்சண்யத்தினால் 'பேஷ்' என்பார். அதனால் யாதொரு பிரயோஜனமும் இல்லை. வாக்கியத்தை ஒருமுறை வாசித்துவிட்டு, விளக்கம் ஏதும் சேர்க்காமல், 'இது யாருடைய கதை? அடுத்து என்ன நடக்கும்?' என்று மட்டும் கேட்டு, அவர் விடை சொல்லும்வரை வாய்மூடி இருத்தல் வேண்டும். அவர் கூறும் திருத்தங்களை ஏற்பதும் தள்ளுவதும் எழுதுபவரின் இஷ்டம். ஆனால் அவர் இடறிய இடத்தை அலட்சியம் செய்யலாகாது. ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பினால், குறை வாக்கியத்தில் மட்டுமன்றிக் கதையிலேயே இருக்கக்கூடும்.

ஆகவே திரைக்கதை எழுதப் புகும் இளைஞர்கள், பிரதி முழுவதையும் எழுதி முடித்த பின்னர் அன்றி, முதற் பக்கத்தைத் தொடங்கும் முன்பே இப்பரீட்சைக்கு உட்படுவது நலம். வாக்கியத்தைத் திருத்த ஒரு மாலைப்பொழுது போதும், பிரதியைத் திருத்த மாதங்கள் வேண்டும்.